பட்டமில்லாமல் வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கலாமா? பணம் கட்டுமுன் ஒரு வார்த்தை

ஹட்டனில் தொழில் வழிகாட்டல் ஆலோசகராகப் பணியாற்றும் என்னிடம், உயர்தரப் பெறுபேறுகள் வெளியானதும் வருகின்ற பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மிஸ், டிகிரி இல்லாமலே வெளிநாட்டில் இங்கிலீஷ் படிப்பிக்கலாமாம், உண்மையா?" ஆங்கிலத்தில் நல்ல சித்தி பெற்றும் வெட்டுப்புள்ளியால் பல்கலைக்கழகத்தைத் தவறவிட்ட தோட்டத்துப் பிள்ளைகளே பெரும்பாலும் இப்படிக் கேட்கிறார்கள்.

கடந்த ஆண்டு தலவாக்கலைப் பக்கத்திலிருந்து தாயுடன் வந்த ஒரு பிள்ளையின் கோப்பில் மூன்று தாள்கள் இருந்தன. முதலாவது, 120 மணித்தியால இணையவழிக் கற்கைநெறியை முடித்ததாகக் கூறும் சான்றிதழ். அதை ஒன்பது நாட்களில் முடித்ததாக அவரே சொன்னார். இரண்டாவது, தாய்லாந்தின் மொழிப் பள்ளி ஒன்று அனுப்பியதாகச் சொல்லப்பட்ட நியமனக் கடிதம். அதன் தலைப்பில் இருந்த பள்ளியின் பெயர் கையொப்பத்துக்குக் கீழே வேறு எழுத்துக்கூட்டலில் இருந்தது. வீதி முகவரி எங்குமே இல்லை. கடைசிப் பந்தியில், விசிட் விசாவில் வந்து சேர்ந்தால் ஒரு மாதத்தில் வேலை அனுமதி எடுத்துத் தரப்படும் என்று எழுதியிருந்தது. மூன்றாவது தாள், முகவருக்குக் கட்டிய முதல் தவணைக்காக அம்மாவின் தோட்டை அடகு வைத்த பற்றுச்சீட்டு.

பட்டம் தேவையில்லை என்று இணையத்தில் எழுதப்படுபவற்றில் பெரும்பகுதி பிரித்தானிய, அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. தென் கொரியாவின் மொழி ஆசிரியர் விசா பொதுவாக அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய 7 நாடுகளின் பட்டதாரிகளுக்கே வழங்கப்படுவதால், இலங்கைப் பட்டதாரிக்குக்கூட அந்தக் கதவு திறப்பதில்லை. சீனாவும் பொதுவாக ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டவரையும் பட்டத்தையும் எதிர்பார்க்கிறது. வியட்நாமில் வேலை அனுமதி பெறப் பட்டமும் கற்பித்தல் சான்றிதழும் சேர்ந்தே வேண்டும். தாய்லாந்தில் சுற்றுலா விசாவில் வேலை செய்வதே குற்றம். கம்போடியாவில் பட்டம் கேட்காத பள்ளிகள் இருப்பது உண்மைதான்; ஆனால், ஆட்களை அடைத்து வைத்து இணைய மோசடியில் ஈடுபடுத்தும் முகாம்கள் பெருகிய நாடுகளில் அதுவும் ஒன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த முகாம்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வது என் கடமை. தாய்லாந்து எல்லையை ஒட்டிய மியன்மாரின் மியாவடிப் பகுதியில் இலங்கை இளைஞர்களும் சிக்கி, பின்னர் மீட்கப்பட்டார்கள். நல்ல சம்பளத்தில் கணினி வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்டவர்கள், எல்லை தாண்டியதும் கடவுச்சீட்டைப் பறிகொடுத்தார்கள். ஆங்கிலமும் கணினியும் தெரிந்த பிள்ளைகளைத்தான் அந்தக் கும்பல்கள் தேடுகின்றன. ஆகவே "முதலில் விசிட் விசா" என்ற சொல்லைக் கேட்ட இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள் என்று பெற்றோரிடம் மன்றாடிக் கேட்கிறேன்.

முகவர் ஒருவரை நம்புவதற்கு முன், அவருடைய நிறுவனத்துக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் உண்டா என்று பாருங்கள். அது மட்டும் போதாது. உங்களுக்குச் சொல்லப்படும் அந்தக் குறிப்பிட்ட வேலைக்கும் பணியகத்தின் அங்கீகாரம் இருக்க வேண்டும். 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தோ பிரதேச செயலகத்தில் இதற்கென இருக்கும் உத்தியோகத்தரிடமோ கேட்கலாம்.

சான்றிதழ்களிலும் தராதரம் உண்டு. ஆங்கிலம் கற்பிப்போருக்கான, கேம்பிரிட்ஜின் செல்டா (CELTA) என்ற கற்கைநெறிக்குப் பட்டம் கட்டாயமில்லை. குறைந்தது 120 மணித்தியாலங்கள் கொண்ட அதில், உண்மையான மாணவர்கள் முன் 6 மணித்தியாலங்கள் கற்பித்துக் காட்ட வேண்டும். பயிற்றுநர் அதைப் பார்த்து மதிப்பிடுவார். ஒன்பது நாளில் கைக்கு வரும் தாளை அதற்கு இணையாக வைக்கவே முடியாது. ஆயினும் செல்டாவும் ஒரு நாட்டின் விசாச் சட்டத்தை மாற்றிவிடாது என்பதால், கடன் வாங்கி அதைப் படிக்குமாறு நான் யாருக்கும் சொல்வதில்லை. உள்ளூரில் டிப்ளோமா ஒன்றைப் படித்துக்கொண்டோ திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்குப் பதிந்துகொண்டோ இங்கேயே கற்பித்து அனுபவம் சேர்ப்பது மெதுவான வழிதான். ஆனால், ஆங்கில மொழிமூலப் பாடசாலைகள் உள்ள மாலைதீவு போன்ற, நம்மவர்கள் ஏற்கெனவே ஆசிரியர்களாகப் பணிபுரியும் நாடுகளுக்கு விண்ணப்பிக்கும்போது காட்டுவதற்கு அப்போதுதான் கையில் ஏதாவது இருக்கும்.

தலவாக்கலைப் பிள்ளை இரண்டாம் தவணையைக் கட்டவில்லை. முதல் தவணை இன்னும் திரும்பக் கிடைக்காததால் பணியகத்தில் முறைப்பாடு செய்திருக்கிறோம். அவர் இப்போது திறந்த பல்கலைக்கழகத்தில் பதிந்திருப்பதோடு, தோட்டத்து முன்பள்ளிக் கட்டடத்தில் சனிக்கிழமைகளில் பதினான்கு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறார். அனுபவக் கடிதத்துக்கு உதவும் என்பதால் ஒவ்வொரு வகுப்புக்கும் திகதியிட்டு வரவுப் பதிவேடு வைக்கச் சொன்னேன். போன மாதம் வந்தபோது அதைக் கொண்டுவந்து காட்டினார்.