கேப் காட்: விதிப்படி கட்டிய செப்டிக் டேங்கும் கடலைக் கெடுப்பது ஏன்?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கேப் காட் தீபகற்பத்தில் பெரும்பாலான வீடுகளுக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது, செப்டிக் டேங்க்தான். அவற்றுக்கான ‘டைட்டில் 5’ விதி கறாரானது. தொட்டி குறைந்தது 1,500 கேலன், அதாவது சுமார் 5,700 லிட்டர் கொள்ள வேண்டும். தொட்டி நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு படுகையின் அடிக்கும் நிலத்தடி நீரின் உச்ச மட்டத்துக்கும் இடையே 4 அடி மண் வேண்டும். நீர் சட்டென்று இறங்கும் மணலில் 5 அடி. அந்த மண்ணில் கிருமிகள் சிக்கிச் சாகின்றன. நைட்ரஜன் சிக்குவதில்லை.

சிறுநீரின் யூரியா தொட்டிக்குள் அம்மோனியமாகிறது. காற்றோட்டமுள்ள மணலில் பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக்குகின்றன. எதிர்மின்னூட்டம் கொண்ட நைட்ரேட்டை மணல் பிடித்துவைக்காது. அது நிலத்தடி நீரோடு கழிமுகத்துக்குப் போய்விடும். குடிநீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட்-நைட்ரஜன் வரை அனுமதி உண்டு. ஆனால் இங்குள்ள கழிமுகங்களில் கடற்புல் பிழைக்க, மொத்த நைட்ரஜனே ஏறத்தாழ 0.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பாசி பெருகி வெளிச்சத்தை மறைக்கும். கடற்புல் மடியும், அதை அண்டி வளரும் ஸ்காலப் சிப்பிகளும் குறையும்.

2023 ஜூலையில் விதி திருத்தப்பட்டது. பாதிப்புக்குள்ளாகும் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில், ஊர் நிர்வாகம் நைட்ரஜனைக் குறைக்க 20 ஆண்டுத் திட்டம் வகுத்து அனுமதி பெற வேண்டும். இல்லையேல் வீட்டுக்காரர்கள் நைட்ரஜன் நீக்கும் அமைப்பைப் பொருத்த வேண்டும்.

அந்த அமைப்பில் இரண்டு கட்டங்கள். முதல் அறையில் ப்ளோயர் காற்றூதி அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும். அடுத்த அறையில் ஆக்சிஜன் இருக்கக் கூடாது. அங்கே பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைச் ‘சுவாசித்து’ நைட்ரஜன் வாயுவாகக் காற்றில் விடும். அதற்குக் கரிமம் வேண்டும். மரத்தூளோ மரச்சில்லுகளோ அதைத் தரும். அல்லது காற்றூதிய நீரில் ஒரு பங்கைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பலாம், அங்குள்ள கழிவே கரிமம்.

திருப்பி அனுப்புவதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு மில்லிகிராம் அம்மோனிய-நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற, கால்சியம் கார்பனேட் கணக்கில் 7.1 மில்லிகிராம் காரத்தன்மை (அமிலத்தைச் சமன்செய்யும் திறன்) செலவாகும்; இரண்டாம் கட்டம் அதில் பாதியை மீட்டுத் தரும். அந்தக் கட்டம் தொட்டியிலேயே நடந்தால், மீட்டது காற்றூதும் அறைக்கே மறுபடி போய்ச் சேரும். காரத்தன்மை குறைந்த மென்னீர் வரும் வீடுகளில் இது மிக முக்கியம். காரத்தன்மை தீர்ந்து பிஎச் 6.5-க்குக் கீழே போனால் முதல் கட்டமே முடங்கி, அம்மோனியம் அப்படியே வெளியேறும்.

குளிரில் பாக்டீரியாக்கள் மந்தமாகும். கோடைக்கு மட்டும் ஆள் வரும் வீடுகளில் அவை பட்டினி கிடந்து, திறந்த பிறகு தேறச் சில வாரங்கள் எடுக்கும். மின்சாரம் மிச்சமென்று ப்ளோயரை நிறுத்துவதும் நடக்கிறது. நீர் வழக்கம்போலவே வடிவதால் வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது. ஆகவே கருவியைப் பொருத்தச் சொல்லும் விதி மட்டும் போதாது. பராமரிப்பு ஒப்பந்தமும், வெளியேறும் நீரின் மாதிரிச் சோதனையும் கட்டாயமாக வேண்டும். சோதனையில் அம்மோனியம் மிகுந்தால் காற்றையும் காரத்தன்மையையும் பார்க்க வேண்டும்; நைட்ரேட் மிகுந்தால் கரிமம் போதவில்லை, அல்லது இரண்டாம் அறைக்குள் ஆக்சிஜன் நுழைகிறது.