ஆடு மூணு வருஷத்துல ரெட்டிப்பாகும், பூச்சி ஒரே வாரத்துல ரெட்டிப்பாகும்

நியூசிலாந்துன்னு சொன்னதும் ஆடுதான் ஞாபகம் வரும், ஆனா வெள்ளைக்காரன் கப்பல்ல கொண்டு வர்றதுக்கு முன்னாடி அந்த நாட்டுல ஒரு செம்மறி கூட கிடையாது. 1773ல கேப்டன் குக் ஒரு கிடாவையும் ஒரு பெட்டையையும் கரையில இறக்கிவிட்டாரு, ரெண்டும் சில நாள்லயே செத்துப் போச்சு. அப்புறம் ஆஸ்திரேலியாவுல இருந்து மெரினோ ஆடுங்க கப்பல் கப்பலா வந்து இறங்குச்சு. 1851ல நாடு முழுக்க சுமார் 2,33,000 ஆடு. 1861ல 27 லட்சத்தைத் தாண்டிருச்சு, 1867ல 84 லட்சம்!

கொஞ்சம் கணக்கு போட்டுப் பாருங்க. பதினாறு வருஷத்துல 36 மடங்கு, அதாவது கிட்டத்தட்ட மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ரெட்டிப்பு. இறக்குமதியும் இதுல சேர்த்திதான், ஆனா பெரும்பங்கு குட்டிங்களாலதான். செம்மறிக்கு சினை அஞ்சு மாசம், மெரினோ பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு குட்டிதான் போடும், அந்தக் குட்டி தாயாக இன்னும் ரெண்டு வருஷம் ஆகும். வெறும் புல்லுதான் செலவு, அதுவும் அரசாங்க நிலம் குத்தகைக்கு. கையில காசு இல்லாதவன் கூட அடுத்தவன் ஆட்டை வாங்கி மேய்ச்சு, கம்பளியிலயும் குட்டியிலயும் பங்கு எடுத்துக்குற ஏற்பாடு இருந்துச்சு. நம்ம ஊர்ல பங்குக்கு ஆடு வளர்க்குற மாதிரின்னு வெச்சுக்கோங்க.

இந்த ஓட்டம் ரொம்ப வேகமா நடந்த இடம் கேன்டர்பரி மாகாணம். 1850லதான் பெரிய அளவுல குடியேத்தம் ஆரம்பிச்சது, பெரிய சமவெளி, மரம் கம்மி, புல் நிறைய, மேற்கே பனிமலை. ஒவ்வொருத்தரும் ஆயிரக்கணக்கான ஏக்கர் எடுத்து மேய்ச்சல் நிலம் போட்டாங்க, அதுக்கு அங்க ரன்னுன்னு பேரு. வேலி? ஆரம்பத்துல வேலியே கிடையாது. எல்லைக்கு ஒரு ஆளைக் குடிசையில உக்கார வெச்சு, கூட நாய் குடுத்து, ஆடு அந்தப் பக்கம் போகாம பாத்துக்கன்னு விட்டுருவாங்க. பல மைல் எல்லைக்கு ஒரே ஆளு, ஆடு எங்க கேக்கப் போகுது.

இந்த ஆடுங்களோடயே இன்னொண்ணும் கப்பல்ல வந்துருச்சு. சொறி. அங்க அதுக்கு ஸ்கேப்னு பேரு.

சொறின்னதும் நமக்கு வர்ற மாதிரி தோலுக்குள்ள துளை போட்டுப் போற பூச்சின்னு நினைச்சுறாதீங்க, இது வேற ஜாதி. சோரோப்டஸ் ஓவிஸ்னு ஒரு மைட், உண்ணிக்கு தூரத்து சொந்தம், அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல, வெறும் கண்ணுக்கு வெள்ளைப் புள்ளி மாதிரி தெரியும். இது தோல் மேலயே இருக்கும். அது போடுற கழிவுதான் விஷமா வேலை செய்யுது, ஆட்டுக்கு அதுல ஒவ்வாமை வந்து தோல் வீங்கி நீர் கசியுது, அந்த நீரைத்தான் பூச்சி குடிக்குது. அதாவது தன் சாப்பாட்டை ஆட்டோட உடம்பை வெச்சே சமைச்சுக்குது. கசிஞ்ச நீர் காஞ்சு பொருக்காகும், நடுவுல காஞ்ச இடத்துல சாப்பாடு இருக்காது, அதனால பூச்சிங்க பொருக்கோட ஓரத்துக்கு நகரும், ஓரம் விரியும், விரிய விரிய முடி கொத்துக் கொத்தா உதிரும். அரிப்பு தாங்காம ஆடு கல்லுலயும் கம்பத்துலயும் போய் தேய்க்கும், மேயாது, இளைக்கும், குளிர்ல செத்துப் போகும். மெரினோவோட முடி ரொம்ப அடர்த்தி, அந்த இடுக்கு பூச்சிக்கு நல்ல கூடாரம்.

முட்டையில இருந்து வளர்ந்த பூச்சியாக சுமார் ரெண்டு வாரம் போதும். கூட்டம் ஏறத்தாழ வாரத்துக்கு ஒரு தடவை ரெட்டிப்பாகும். ஒரே ஒரு பெண் பூச்சியில ஆரம்பிச்சாலும் அதே வேகத்துல பன்னெண்டு வாரத்துல நாலாயிரத்தைத் தாண்டிரும். ஆடு மூணு வருஷத்துல செய்யறதை இது ஏழு நாள்ல செய்யுது, இந்த ரெண்டு கணக்கும் ஒரே மந்தைக்குள்ள ஓடுது.

மருந்து இல்லாம இல்ல. சுண்ணாம்பையும் கந்தகத்தையும் சேர்த்துக் காய்ச்சின தண்ணி, இல்லன்னா புகையிலைக் கஷாயம், அப்புறம் ஆர்சனிக்கும் கந்தகமும் கலந்த பொடி, இதை 1852ல வில்லியம் கூப்பர்ங்கறவரு இங்கிலாந்துல விக்க ஆரம்பிச்சாரு. நீளமான தொட்டியில வெதுவெதுன்னு ஊத்தி ஆட்டை ஒவ்வொண்ணா தள்ளி நீந்த விடுவாங்க, சூடு இருந்தாத்தான் ரோமத்துல இருக்கற கொழுப்பும் பொருக்கும் இளகி மருந்து தோல் வரைக்கும் போகும். புகையிலையில இருக்கற நிகோடின் பூச்சியைக் கொல்லும், சரிதான். ஆனா முட்டையைக் கொல்லாது! அதனால முட்டை எல்லாம் பொரிஞ்சு முடிஞ்சு, பொரிஞ்சது மறுபடி முட்டை போடறதுக்குள்ள, அதாவது பத்து பதினாலு நாள் கழிச்சு ரெண்டாவது தடவை முக்கணும். ஒரு வாரம் தள்ளிப் போச்சுன்னா முதல் தடவை முக்கினது வீண்.

கஷ்டம் தொட்டியில இல்ல, மலையில. முக்கணும்னா முதல்ல எல்லா ஆட்டையும் பட்டிக்கு ஓட்டிட்டு வரணும், அதை மஸ்டர்னு சொல்லுவாங்க. இருபதாயிரம் ஆடு, பனி மலைச் சரிவு, ஆத்துப் பள்ளத்தாக்கு, வேலி கிடையாது, ரெண்டு வாரத்துல ரெண்டு தடவை. பத்தொம்பதாயிரத்து எண்ணூறு வந்து சேர்ந்தா ரொம்ப நல்லா நடந்துச்சுன்னு யாருக்கும் தோணும். ஆனா மீதி இருநூறுல பத்துக்கு சொறி இருந்தா போதும், அடுத்த குளிர்ல கதை முதல்ல இருந்து. கோடையில இன்னொரு ஏமாத்து: முடி கத்தரிச்சு வெயில் பட்டதும் பூச்சி கூட்டம் சுருங்கி காதுக்குள்ளயும் தொடை இடுக்குலயும் ஒதுங்கிரும், ஆடு பாக்க சுத்தமா இருக்கும், சொறி இருக்கான்னு பாக்க வர்ற அரசாங்க இன்ஸ்பெக்டர் பாத்துட்டு சரின்னு போயிருவாரு. ஆடே இல்லாத பட்டியிலயும் கம்பத்துல ஒட்டின முடியிலயும் பூச்சி சுமார் ரெண்டு வாரம் உயிரோட கிடக்கும்.

என் கருத்துல சொறி ஒழிஞ்சதுக்குக் காரணம் நல்ல மருந்து கிடைச்சதுங்கறது பாதி உண்மைதான். மருந்து ஆரம்பத்துல இருந்தே இருந்துச்சு. இல்லாம இருந்தது முழு எண்ணிக்கை.

பக்கத்து ரன்காரன் சுத்தம் பண்ணலன்னா நான் பண்ணி என்ன பிரயோஜனம்? இந்த யோசனை எல்லார் மனசுலயும். கேன்டர்பரியோட வடக்கு எல்லை ஹுருனுயி ஆறு, அந்தப் பக்கம் நெல்சன் மாகாணம், சட்டம் வேற, இன்ஸ்பெக்டர் வேற. ஆத்துக்கு சட்டம் தெரியும், ஆட்டுக்குத் தெரியுமா. எல்லைக்கு இந்தப் பக்கமும் ஒழுங்கு இல்ல. வைபாரா பக்கத்துல கிளென்மார்க்னு பெரிய ரன், அதோட முதலாளி ஜார்ஜ் ஹென்றி மூர், அவருக்கு ஊர் வெச்ச பட்டப்பேரே "ஸ்கேபி மூர்", தமிழ்ல சொல்லணும்னா சொறி மூர். சொறிக்குப் போட்ட அபராதத்தைக் கட்டினாரே தவிர சுத்தம் பண்ண அவசரப்படல. அபராதம் மந்தையைக் கூட்டுற செலவை விடக் குறைவா இருக்கற வரைக்கும் எந்த ஊர்லயும் இப்படித்தான் நடக்கும்.

1876ல மாகாணங்களைக் கலைச்சுட்டாங்க, 1878ல நாடு முழுக்க ஒரே ஆட்டுச் சட்டம். இன்ஸ்பெக்டருங்க கீழ ஆட்டுக்காரங்க வருஷா வருஷம் கையில இருக்கற ஆட்டு எண்ணிக்கையை எழுதிக் குடுக்கணும், அதை முதலாளி பேரோட பார்லிமென்ட் ஆவணத்துல அச்சடிச்சாங்க. உன்கிட்ட இத்தனை ஆடு இருக்குன்னு நீயே எழுதிக் குடுத்துருக்கே, தொட்டிக்கு வந்தது இத்தனைதான், மீதி எங்கன்னு கேக்க முடிஞ்சது. இதுக்குள்ள கம்பி வேலியும் பரவிருச்சு, எல்லைக் குடிசைக்காரனோட வேலையைக் கம்பி செஞ்சுது. மலையில கூட்டத்தோட வராம காட்டாடா திரிஞ்சதுங்களை சுட்டுத் தள்ளினாங்க, கொடூரம்தான், ஆனா அந்தக் கடைசி இருநூறுதான் பிரச்சனையே. 1878ல ஆட்டு எண்ணிக்கை ஒரு கோடியே முப்பது லட்சம், இத்தனைக்கும் அப்ப இறைச்சிக்குப் பெரிய ஏத்துமதி சந்தை இல்ல, கிழட்டு ஆட்டைப் பெரும்பாலும் காய்ச்சி கொழுப்பெடுக்கறதோட சரி. 1882 பிப்ரவரியில டுனெடின்கற கப்பல் உறைஞ்ச இறைச்சியோட லண்டனுக்குக் கிளம்பினதுக்கு அப்புறம்தான் கறிக்கும் விலை வந்துச்சு.

1890களோட நடுவுக்குள்ள நியூசிலாந்துல சொறி இல்லன்னு ஆயிருச்சு, இன்னிக்கு வரைக்கும் திரும்பி வரல. நடுவுல கடல் இருக்கறது பெரிய உதவி. ஆனா பிரிட்டனும் தீவுதான், 1952ல அங்கயும் ஒழிச்சாங்க, 1973ல மறுபடி வந்துருச்சு, இன்னும் போகல.