கிரெடிட் ஸ்கோர்: 'ஆளுக்குக் கடன்', 'வீட்டு மேல் கடன்'

வாடகை வீடு மாறிய ஒன்றிரண்டு மாதத்துக்குள் பலருக்கும் ஒரு தபால் வந்து சேரும். நீள உறை, அதில் கண்ணாடித்தாள் ஒட்டிய சன்னல். சன்னல் வழியாகத் தெரியும் பெயர் முன்பு குடியிருந்தவருடையது. அதற்குக் கீழே இருக்கும் கதவு எண்ணோ இப்போது நம்முடையது. அனுப்பியது ஏதோ ஒரு வங்கி. அவர் கட்டாமல் போன லோன் நம் சிபிலை, அதாவது கடன் கட்டும் பழக்கத்தைப் பார்த்து நமக்குப் போடும் கிரெடிட் ஸ்கோரை, அடிக்குமோ என்று அன்றிரவு தூக்கம் கெடும். அடிக்காது. கிரெடிட் ஸ்கோர் என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தாலே காரணம் பாதி விளங்கிவிடும்.

லத்தீனில் 'கிரெடெரே' என்றால் நம்புதல். 'கிரெடிட்' என்ற வடிவத்துக்கே அந்த மொழியில் 'அவர் நம்புகிறார்' என்று பொருள். நம்பி ஒப்படைத்த பொருளுக்குக் 'கிரெடிட்டம்' என்று பெயர். அது இத்தாலிய, பிரெஞ்சு மொழிகள் வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. 'ஸ்கோர்' பழைய நோர்ஸ் மொழிச் சொல். கம்பிலோ பலகையிலோ கத்தியால் கீறும் வெட்டுக்கோடுதான் அது. ஆடு மாடு எண்ணும்போது இருபதுக்கு ஒரு கோடு கீறியதால் ஆங்கிலத்தில் அதற்கு 'இருபது' என்ற பொருளும் உண்டு. மதுக்கடையில் கடன் சொல்லிக் குடித்தவர்களின் கணக்கையும் இப்படித்தான் கீறி வைத்தார்கள். ஆக, ஒருவர் மேல் வைத்த நம்பிக்கைக்குப் போடும் கோடு என்பதுதான் கிரெடிட் ஸ்கோரின் வேர்ப்பொருள். ஆள் மாறினால் கம்பும் மாறும்.

நம் ஊரில் இதைச் 'சிபில்' என்றே சொல்கிறோம். நகல் எடுக்கும் எந்த இயந்திரமும் ஜெராக்ஸ் ஆனதைப் போல, 2000ஆம் ஆண்டில் தொடங்கிய, கடன் விவரங்களைத் திரட்டி எண் போடும் ஒரு நிறுவனத்தின் பெயர் பொதுப்பெயராகிவிட்டது. இன்று அது டிரான்ஸ்யூனியன் சிபில். எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் ஆகிய மூன்றும் இதே வேலையைச் செய்கின்றன. நான்கும் 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. சிபில் தரும் எண் 300 முதல் 900 வரை. 750க்கு மேல் இருந்தால் வங்கிகள் பொதுவாக நல்ல கண்ணோடு பார்க்கும். கடனே வாங்காதவருக்கு எண் இருக்காது, 'என்ஹெச்' அல்லது -1 என்று வரும். அது குற்றமல்ல, வரலாறு இல்லை என்ற குறிப்பு மட்டுமே. 'கிரெடிட் ரேட்டிங்' வேறு. அது நிறுவனங்களுக்கும் கடன் பத்திரங்களுக்கும் 1987இல் தொடங்கிய கிரிசில் போன்றவை எழுத்துக் குறிகளால் தரும் தரம். தனியாளின் எண்ணை ரேட்டிங் என்று சொல்வது வாய்ப்பழக்கம்தான்.

இனித் தமிழுக்கு வருவோம். கணக்குப் புத்தகத்தில் கிரெடிட் 'வரவு', டெபிட் 'பற்று'. அகராதியைப் பார்த்து 'வரவு மதிப்பெண்' என்று எழுதினால் பொருள் கெட்டுப்போகும். குமரி மாவட்டப் பலசரக்குக் கடையில் 'பற்று' என்பதோ கடனாக எடுத்த சாமான். பற்றில் எழுதிக்கொள்ளச் சொன்னால், கடைக்காரர் நம்மை நம்புகிறார் என்று அர்த்தம். கல்குளம், விளவங்கோடு பக்கம் கடன் பேச்சில் 'கடம்' ஆகும், மலையாளத்திலும் அதே சொல். நகையை அடகு வைப்பது 'பணயம் வைப்பது'. இலங்கைத் தமிழர் கிரெடிட்டைக் 'கொடுகடன்' என்கிறார்கள். கொடுப்பவர் பக்கம் நின்று பார்க்கும் அந்தச் சொல் அருமையானது, இங்கே ஏனோ பரவவில்லை.

'கடன்' என்ற சொல்லுக்கு மூத்த பொருள் கடமை. புறநானூற்றின் 312ஆம் பாட்டில் பொன்முடியார் தந்தைக்குக் கடன், கொல்லற்குக் கடன், வேந்தற்குக் கடன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். அந்தக் 'கு' உருபைக் கவனியுங்கள். இன்றும் 'அவனுக்குக் கடன் இருக்கு' என்றுதான் பேசுகிறோம். அதே வாய் அடமானத்தில் உள்ள வீட்டைப் பற்றிப் பேசும்போது 'வீட்டு மேல கடன் இருக்கு' என்கிறது. 'ஆளுக்கு' ஒரு கடன், 'வீட்டு மேல்' ஒரு கடன். சட்டம் பல பக்கங்களில் பிரித்துச் சொல்வதைத் தமிழ் ஓர் உருபிலும் ஒரு சொல்லிலும் பிரித்துவிடுகிறது. கிரெடிட் ஸ்கோருக்குள் போவது ஆளுக்கு உள்ள கடன் மட்டும்; வீட்டை அடமானம் வைத்து வாங்கியதும் வாங்கிய ஆளின் ஸ்கோருக்குத்தான் போகும், வீட்டில் குடியிருப்பவருக்கு அல்ல. அதனால் 'கடன் மதிப்பெண்' என்று இப்போது பத்திரிகைகள் எழுதுவது தவறில்லை என்றாலும், நம்பிக்கை என்ற வேர் அதில் விட்டுப்போகிறது. காசையும் நேர்மையையும் ஒரே சொல்லில் தாங்கும் 'நாணயம்' நம்மிடம் உண்டு. 'கடன் நாணய மதிப்பெண்' என்றால் அது யாருடைய நாணயம் என்ற கேள்வி தானாக எழும். அந்த எண்ணோடு நம் கடன் வரலாற்றையும் சேர்த்து நிறுவனம் தரும் அறிக்கைக்குக் 'கடன் தகவல் அறிக்கை' போதும்.

அறிக்கையில் முகவரிக்கு இடம் உண்டு, மதிப்பு இல்லை. பான் எண், பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண், முகவரி இவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் ஒரு கணக்கு யாருடையது என்று நிறுவனம் முடிவு செய்கிறது. பிறகு எண்ணைப் போடும்போது தவணை தவறியதா, கார்டு வரம்பில் எவ்வளவு எடுத்திருக்கிறீர்கள், கணக்கு எத்தனை ஆண்டு பழையது, அண்மையில் எத்தனை இடத்தில் கடன் கேட்டீர்கள் என்பவை போன்றவையே கணக்கில் வரும். வடசேரி வீடா மார்த்தாண்டம் வீடா என்பதற்குப் புள்ளி கிடையாது. பிரிட்டனில் வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகளும் இதே பயத்தைச் சொல்வதுண்டு. அங்கேயும் முகவரிக்குக் கரும்பட்டியல் இல்லை. கூட்டுக் கணக்கு, கூட்டுக் கடன் வழியாகப் பணத் தொடர்பு ஏற்பட்டவர்களை மட்டுமே ஒருவரோடு ஒருவர் இணைப்பார்கள்.

ஆனால் பொருத்திப் பார்க்கும் அந்த முதல் படியில் பிசகு நடக்கும், அதுவும் குமரி மாவட்டத்தில் கூடுதலாக. மேற்குப் பகுதி முகவரி எப்படி இருக்கும்? வீட்டுப் பெயர், ஏதோ ஒரு 'விளை', அஞ்சல், பின்கோடு. தெருப் பெயர் இருக்காது, கதவு எண்ணைப் பாதிப் பேர் எழுதமாட்டார்கள். ஒரு விளையில் நாற்பது வீடு இருந்தாலும் கணினிக்கு அது ஒரே வரிதான். குடும்பப் பெயர் இல்லாமல் தலைப்பெழுத்தோடு எழுதுவதால், ஒரே விளையில் ஒரே தலைப்பெழுத்தும் ஒரே பெயருமாக இருவர் இருப்பது அதிசயமில்லை. இதோடு பழைய கடனில் பான் எண் பதியாமல் விட்டிருந்தால், அடுத்தவர் கணக்கு உங்கள் அறிக்கையில் வந்து உட்கார்ந்துவிடும். வாடகைக்கு வந்தவர் வீட்டுக்காரர் சொன்ன முகவரியை அப்படியே வங்கியில் எழுதும்போது கதவு எண்ணையும் மாடியையும் சேர்த்து எழுதிவிட்டால் இதில் பெரும்பகுதி தவிர்ந்துவிடும்.

முன்பு இருந்தவரின் கடன் உண்மையாகவே உங்களைத் தொடும் வழிகளும் உண்டு. அவர் உங்கள் அண்ணனோ மச்சானோ ஆக இருந்து, அவர் கடனுக்கு நீங்கள் ஜாமீன் போட்டிருந்தால் அது உங்கள் அறிக்கையிலும் வரும், அவர் தவறினால் உங்கள் எண்ணும் இறங்கும். கூட்டாகக் கையெழுத்திட்ட கடனும் அப்படியே. உங்கள் பான், ஆதார் நகலை வைத்து யாராவது கடன் எடுத்திருந்தால் அது மோசடி, உடனே 1930க்கு அழைக்க வேண்டும். இன்னொன்று, எண்ணைத் தொடாமலே வேலையைக் கெடுப்பது: நீங்கள் லோன் கேட்கும்போது வங்கியின் மோசடித் தடுப்புச் சோதனையில் அதே முகவரியில் பழைய வாராக்கடன் ஒன்று தட்டுப்பட்டு, விண்ணப்பம் நின்றுபோகலாம். அப்போது கேட்க வேண்டியது ஸ்கோரை அல்ல, நிறுத்திய காரணத்தை. குடியேறிய தேதியைக் காட்டும் வாடகை ஒப்பந்தம்தான் அதற்கு மருந்து. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தைப் பதிந்து பதிவு எண் வாங்கியிருந்தால் தேதி பற்றிய தகராறே வராது. பதினோரு மாதப் பத்திரத்தை வீட்டுக்காரரின் அலமாரியிலேயே விட்டுவைப்பவர்கள் ஒரு நகலாவது கேட்டு வாங்குங்கள்.

கைப்பேசி எண்ணுக்கும் 'முன்பு குடியிருந்தவர்' உண்டு. நிறுத்திய எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். புது சிம் போட்டதும் யாருடையவோ லோனுக்கு அழைப்பு வருவது அதனால்தான். அழைப்பு வருவதால் உங்கள் ஸ்கோர் இறங்காது.

இனி 'வீட்டு மேல்' நிற்பவை. கரண்ட் பாக்கி இந்த வகை. மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், குடியிருந்தவர் கட்டாமல் போனால் ஃபியூஸைப் பிடுங்குவது நீங்கள் குடியேறிய பிறகுதான். சிபிலுக்கு அது போகாது, இருட்டு மட்டும் வரும். கே.சி.நினான் எதிர் கேரள மாநில மின்வாரியம் வழக்கில் 2023 மே 19 அன்று உச்ச நீதிமன்றம், விதியில் இடமிருந்தால் அந்தக் கட்டடத்தின் பழைய பாக்கியைப் புதிய உரிமையாளரிடமும் கேட்கலாம் என்றது. ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே மின் இணைப்பு எண்ணை வாங்கி இணையத்தில் பாக்கியைப் பாருங்கள். மீட்டர் முன் நின்று யூனிட்டைப் படம் எடுத்து, அன்றைய தேதியோடு ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வீட்டில் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், நடுவில் குடியேறினால் முதல் பில்லில் ஒரு பகுதி முந்தியவருடையது. வீட்டு வரி, தண்ணீர் வரி உரிமையாளர் பாடு. வாடகை பாக்கியும் ஸ்கோருக்குப் போகாது, வீட்டுக்காரர் கடன் தரும் நிறுவனம் இல்லையே. போஸ்ட்பெய்டு போன் பாக்கி மட்டும் அறிக்கையில் வரலாம், ஆனால் யார் பெயரில் எடுத்ததோ அவர் அறிக்கையில்.

ஒற்றிக்கு வீடு எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். லட்சக்கணக்கில் பணத்தைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருக்கும் ஏற்பாடு அது. வீட்டின் மேல் வங்கிக் கடன் ஏற்கெனவே இருந்து உரிமையாளர் கட்டாமல் விட்டால், 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி வீட்டைக் கையகப்படுத்தும் நோட்டீஸை வாசலில் ஒட்டும். உங்கள் ஸ்கோர் ஒரு புள்ளியும் குறையாது, ஆனால் உங்கள் ஒற்றிப் பணம் அந்தரத்தில் தொங்கும். பணம் கைமாறும் முன் சார்பதிவாளர் அலுவலக வில்லங்கச் சான்று பாருங்கள், மூலப்பத்திரத்தை நேரில் காட்டச் சொல்லுங்கள், ஒற்றியைப் பதிவு செய்யுங்கள்.

வசூலுக்கு ஆள் வந்தால்? காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடன் வாங்கியவரையே அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி, உங்களைச் சொல்லவே வேண்டாம். அடையாள அட்டையையும் வங்கி கொடுத்த அதிகாரக் கடிதத்தையும் கேளுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயரையும் தேதியையும் காட்டுங்கள், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். தான் அவர் இல்லை என்று நிரூபிக்கப் பான், ஆதார் நகலைக் கையில் கொடுப்பதுதான் பலர் செய்யும் பெரிய தவறு. தொல்லை விடட்டும் என்று ஐந்நூறு ரூபாய் கட்டுவது அடுத்தது. கட்டினால் உங்கள் நம்பரும் அவர்கள் ஏட்டில் ஏறும். தபால் வந்தால் உறையைப் பிரிக்காமல் 'இந்த முகவரியில் இல்லை, வீடு மாறிவிட்டார்' என்று எழுதித் தபால்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். கையெழுத்து வாங்கித் தரும் தபாலுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். நீதிமன்ற ஊழியர் ஜப்திக்கே வந்துவிட்டால் பயந்து ஒதுங்க வேண்டாம். பொருள் உங்களுடையது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 21, விதி 58இன் கீழ் மனுப்போடலாம். ஃபிரிட்ஜ், டிவி பில்களைப் பத்திரமாக வைப்பது இதற்குத்தான்.

சந்தேகம் இருந்தால் அறிக்கையை எடுத்துப் பார்ப்பதே வழி. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. பான், பிறந்த தேதி, கைப்பேசிக்கு வரும் ஓடிபி போதும். முகவரி வரிகளில் பழைய வீடு இருப்பதைக் கண்டு கலங்க வேண்டாம். கணக்குகளின் பகுதிக்குப் போய், ஒவ்வொன்றிலும் உரிமை 'தனி', 'கூட்டு', 'ஜாமீன்' என்று என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். மாதக் கட்டங்களில் 000 இருந்தால் தவணை தவறவில்லை. 090 என்றால் தொண்ணூறு நாள் பாக்கி, வாராக்கடன் விளிம்பு. கடைசியில் யார் யார் உங்கள் அறிக்கையைக் கேட்டார்கள் என்ற பட்டியல். நீங்கள் போகாத வங்கியின் பெயர் அதில் இருந்தால், மோசடியின் முதல் தடயம் பெரும்பாலும் அதுதான்.

அந்நியக் கணக்கு இருந்தால் அந்த இணையதளத்திலேயே முறையீடு செய்யலாம், கட்டணமில்லை. கடன் தந்த வங்கி ஒப்புக்கொள்ளாமல் நிறுவனம் தானாக எதையும் அழிக்காது, அதனால் வங்கிக்கும் அதே நாளில் எழுதுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்குப் பிந்திய ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு, 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதி இது. அதன் பிறகும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். கடிதம் நீளமாக வேண்டாம், இவ்வளவு போதும்:

"என் பெயரிலான கடன் தகவல் அறிக்கையில் (அறிக்கை எண், தேதி) உள்ள இந்தக் கணக்கு என்னுடையது அன்று. இதில் நான் கடனாளியோ கூட்டுக் கடனாளியோ ஜாமீன்தாரரோ அல்லேன். கணக்கில் உள்ள முகவரியில் நான் இந்தத் தேதி முதல்தான் வாடகைக்குக் குடியிருக்கிறேன். ஒப்பந்த நகல் இணைத்துள்ளேன். கடன் விண்ணப்பத்தில் உள்ள பான் எண், பிறந்த தேதி, கையெழுத்து ஆகியவற்றை என்னுடையவற்றோடு ஒப்பிட்டு, கணக்கை என் அறிக்கையிலிருந்து நீக்கி, எழுத்தில் தெரிவிக்கக் கோருகிறேன்."