காமா ‘திருத்தம்’ அல்ல, காமா வளைப்பு

கிராஃபிக்ஸ் நிரலாக்கம் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ‘காமா கரெக்‌ஷன்’ என்பதை, அதாவது படத்தின் ஒளியளவைக் குறிக்கும் எண்களை ஒரு வளைகோட்டின்படி மாற்றுவதை, யோசிக்காமல் ‘காமா திருத்தம்’ ஆக்கிவிடுகிறார்கள். அண்மையில் ஒரு பாடக்குறிப்பில், ‘படத்தின் நிறப்பிழையை நீக்குவதே காமா திருத்தம்’ என்று விளக்கமே கொடுத்திருந்தார்கள். அங்கே பிழை என்று எதுவுமே இல்லை.

காமா கிரேக்க எழுத்து. புகைப்படத் தகட்டின் ஒளியுணர்வைக் காட்டும் வரைகோட்டின் சாய்வுக்கு முதலில் குறியீடானது. பிறகு தொலைக்காட்சிப் படக்குழாயில் மின்னழுத்தத்தையும் ஒளியையும் இணைக்கும் அடுக்கெண்ணுக்கு வந்தது. ஒளிபுகும் அளவைக் குறிக்கும் ஆல்பாவைப் போல இதையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். சிக்கல் பின்பாதியில்தான்.

படக்குழாயில் மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் ஒளி பாதியாகாது, அதைவிட மிகவும் குறைந்துவிடும். அதை ஈடுகட்ட, குறிகையை முன்கூட்டியே எதிர்ப்பக்கமாக வளைத்து அனுப்பினார்கள். அந்தக் காலத்துக்குக் ‘கரெக்‌ஷன்’ பொருந்தியது. இன்று படக்குழாய் போய்விட்டது, வளைவு மட்டும் நிற்கிறது. காரணம் வேறு: நம் கண் இருண்ட சாயல்களின் வேறுபாட்டை நுட்பமாகக் காணும். ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் என்றால், அவற்றில் அதிகமானவற்றை இருளுக்கு ஒதுக்குவதே சிக்கனம். 1999-ல் தரப்படுத்தப்பட்ட எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற நிறமுறை இதைத்தான் செய்கிறது. அதில் 0 முதல் 255 வரையிலான படிகளில் 128 என்பது பாதி ஒளி அல்ல, சுமார் 22 விழுக்காடு. பாதி ஒளி வேண்டுமென்றால் 188.

‘திருத்தம் என்றால் செம்மையாக்கல் என்றும் பொருள் உண்டே, நிலம் திருத்துவதில்லையா?’ என்று கேட்பார்கள். உண்டு. ஆனால் மென்பொருள் பட்டிகளில் ‘திருத்து’ என்றால் எடிட். எழுத்துப்பிழைக்கும் திருத்தம், சட்டத்துக்கும் திருத்தம். இத்தனை சுமையோடு வரும் சொல், இங்கே மிக முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விடுகிறது: திசை. கோப்பிலிருந்து எடுக்கும்போது ஒரு பக்கம், திரைக்கு அனுப்பும்போது எதிர்ப்பக்கம். இரண்டையும் ‘திருத்தம்’ என்றால் கற்பவர் என்ன செய்வார்? படம் இருண்டு தெரிந்தால் இன்னொரு முறை ‘திருத்துவார்’; படம் வெளிறிப்போகும். சிலர் எழுதும் ‘ஒளிச்சீராக்கம்’ இன்னும் மோசம்; வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான் என்றே அது நினைக்க வைக்கிறது.

நம்மிடம் நல்ல வினைகள் இருக்கின்றன: வளை, நிமிர்த்து. திரைக்கு அனுப்புவது காமா வளைப்பு. கணக்குக்கு எடுப்பது காமா நிமிர்த்தல். கோப்பில் உள்ளது வளைமதிப்பு, ஒளியின் அளவோடு ஒத்துப்போவது நேர்மதிப்பு. சிவப்பையும் பச்சையையும் வளைமதிப்பிலேயே சராசரி எடுத்தால் (128, 128, 0) என்ற மங்கிய நிறம் வரும். நிமிர்த்திக் கலந்து மீண்டும் வளைத்தால் (188, 188, 0). இந்தச் சொற்களில் சொன்னாலே எந்த அடி விட்டுப்போயிற்று என்று தெரிந்துவிடும்.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் ‘கரெக்‌ஷன்’ பக்கத்தைப் புரட்டுகிறார்கள், அந்தச் செயல் எண்ணை என்ன செய்கிறது என்று பார்ப்பதில்லை. கலைச்சொல் பட்டியல்கள் பலவும் இப்படித்தான் வீணாகின்றன. ‘எல்லா எண்களையும் திருத்தவும்’ என்று வழிகாட்டியில் எழுதினால், ஆல்பாவையும் சேர்த்தே மாற்றிவிடுவார்கள். ‘மூன்று நிறங்களை நிமிர்த்தவும், ஆல்பாவை அப்படியே விடவும்’ என்று எழுதலாமே.