கல்லூரியில் திறக்கும் கட்டுரை ஊரில் ஏன் காசு கேட்கிறது?

ஆய்வு மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: பல்கலைக்கழக வைஃபையில் சட்டென்று திறக்கிற ஆய்விதழ்க் கட்டுரை, விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் டாலரில் விலை சொல்கிறது. லேப்டாப்பும் அதேதான், ஆளும் அதேதான். என்ன மாறியது?

ஐபி முகவரி மாறியது. இணையத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண் உண்டு. பல்கலைக்கழகத்துக்கென்று சில எண்கள் இருக்கும். சந்தா கட்டும்போது நூலகம் அந்த எண்களைப் பதிப்பகத்திடம் எழுதிக் கொடுத்துவிடும். அதன் பிறகு அந்த எண்ணிலிருந்து யார் வந்தாலும் கதவு திறக்கும். பெயரும் கேட்பதில்லை, பாஸ்வேர்டும் கேட்பதில்லை.

விபிஎன் என்பது உங்கள் இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் சேவை. 'விபிஎன் போட்டா எல்லாம் திறக்கும்' என்ற ஹாஸ்டல் நம்பிக்கை பலிக்காததும் இதனால்தான். காசு கொடுத்து வாங்கும் விபிஎன் உங்களுக்கு நெதர்லாந்து எண்ணைத் தரலாம், சிங்கப்பூர் எண்ணைத் தரலாம். பதிப்பகத்தின் பட்டியலில் இருப்பதோ உங்கள் பல்கலைக்கழகத்தின் எண். பல்கலைக்கழகமே விபிஎன் நடத்தினால் அது வேலை செய்யும்.

எண்ணை மட்டும் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு: அதன் பின்னால் இருப்பது யார் என்று தெரியாது, ஒருவர் செய்ததற்கு எல்லோரும் அடைபடலாம். 2010இல் ஆரன் சுவார்ட்ஸ் என்ற அமெரிக்க நிரலாளர் அங்குள்ள எம்ஐடி பல்கலைக்கழகத்தின் வலையமைப்பிலிருந்து, ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்க் களஞ்சியத்தின் கட்டுரைகளை லட்சக்கணக்கில் தானியங்கியாக இறக்கினார். ஜேஸ்டோர் அவருடைய எண்ணைத் தடுத்தது, அவர் எண்ணை மாற்றிக்கொண்டார். ஒரு கட்டத்தில் எம்ஐடி முழுவதற்குமே ஜேஸ்டோர் சில நாட்கள் நின்றுபோனது.

சரி, ஊரில் இருப்பவர் என்ன செய்வது? இந்தியாவில் பல நிறுவனங்கள், பல்கலைக்கழக மானியக் குழுவின் மையமான இன்ஃப்ளிப்நெட் நடத்தும் இன்ஃபெட் என்ற பொது லாகின் ஏற்பாட்டின் வழியாக மாணவர்களை உள்ளே விடுகின்றன. பதிப்பகம் உங்களைக் கல்லூரியின் லாகின் பக்கத்துக்கு அனுப்பும்; கல்லூரி 'இவர் எங்கள் ஆள்' என்று மின்கையெழுத்திட்ட சீட்டு ஒன்றைக் கொடுத்துத் திருப்பி அனுப்பும். ஒழுங்கான முறைதான். ஆனால் எனக்குப் பிடித்தது பழைய குறுக்குவழியான ப்ராக்ஸி.

அரிசோனாவில் ஒரு சமுதாயக் கல்லூரியில் நூலகராக இருந்த கிறிஸ் ஸகார் 1999இல் எழுதிய ஈஸிப்ராக்ஸி என்ற மென்பொருள்தான் உலகெங்கும் நூலகங்களில் பரவியது. ராணுவத்தில் இருந்த மாமா தன் கார்டைக் காட்டி மிலிட்டரி கேன்டீனில் நமக்குப் பொருள் வாங்கித் தருவாரே, அந்த வேலைதான் இதற்கும். நூலகத்தில் ஒரு சர்வர் இருக்கும். நீங்கள் அதில் லாகின் செய்து பக்கத்தைக் கேட்பீர்கள். அது தன் எண்ணிலிருந்து பதிப்பகத்திடம் வாங்கி உங்களுக்குக் கொடுக்கும்.

வந்த பக்கத்தில் நூறு இணைப்புகள் இருக்கின்றன, எல்லாம் பதிப்பகத்தை நேரடியாகக் காட்டுகின்றன. அடுத்த கிளிக்கிலேயே நீங்கள் வெளியே விழுந்துவிடுவீர்கள். அதனால் பக்கத்தை உங்களிடம் கொடுக்கும் முன் சர்வர் அதைப் படித்து, பதிப்பகத்தின் இணையதளப் பெயர் வரும் இடங்களில் எல்லாம் அதன் வாலில் நூலகத்தின் பெயரை ஒட்டிவிடுகிறது. எங்கே கிளிக் செய்தாலும் நூலகத்துக்கே வருவீர்கள். பதிப்பகம் உங்களை அடையாளம் வைத்துக்கொள்ளத் தரும் குக்கி என்ற சிறு குறிப்புகளையும் சர்வரே உங்கள் சார்பில் வைத்துக்கொள்ளும். பதிப்பகத்துக்கு நீங்கள் யாரென்றே தெரியாது.

முகவரிப் பட்டையைக் கவனித்தால், பதிப்பகத்தின் பெயரில் புள்ளி இருக்கவேண்டிய இடங்களில் சிறு கோடு இருக்கும். காரணம், தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ். நூலகம் ஆயிரம் பதிப்பகப் பெயர்களுக்குத் தனித்தனியே சான்றிதழ் எடுக்காமல், 'முன்னால் எந்தப் பெயர் வந்தாலும் சரி' என்று நட்சத்திரக் குறி போட்ட ஒரே சான்றிதழை எடுக்கிறது. அந்த நட்சத்திரத்தின் இடத்தில் ஓர் அடுக்கு, அதாவது புள்ளி இல்லாத ஒரு துண்டு, மட்டுமே வரலாம். புள்ளி வந்தால் அடுக்கு கூடிவிடும், பிரவுசர் எச்சரிக்கை காட்டும். புள்ளியைக் கோடாக்கினால் மொத்தப் பெயரும் ஒரே அடுக்காகிவிடுகிறது. யாருடைய அனுமதியும் கேட்காமல், யாருடைய மென்பொருளையும் மாற்றாமல் ஒரு சின்னக் கோட்டில் முடிந்த வேலை!

இப்போது, மத்திய அரசே மொத்தமாக ஆய்விதழ்ச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்திருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். நல்லதுதான். ஆனால் திட்டம் அரசு நிறுவனங்களுக்கு மட்டும். தமிழ்நாட்டில் தனியார் பொறியியல் கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு இதில் இடமில்லை. இன்னொன்றும் உறுத்துகிறது. மக்கள் வரிப்பணத்தில் ஆய்வு நடக்கிறது, ஆய்வாளர்கள் காசு வாங்காமல் எழுதுகிறார்கள், பிறர் எழுதியதைப் பெரும்பாலும் காசு வாங்காமலே சரிபார்க்கிறார்கள். பிறகு அதே வரிப்பணத்தில் அதைத் திரும்ப வாங்குகிறோம். இந்தக் கோடிகளில் ஒரு பங்கை எல்லோரும் இலவசமாகப் படிக்கும் இதழ்களுக்குத் திருப்பியிருக்கலாம் என்பது என் கட்சி.

அப்புறம் வீடியோ. நூலகச் சந்தாவில் வரும் ஆவணப்படங்களும் சோதனைக்கூட வீடியோக்களும் ப்ராக்ஸியில் அடிக்கடி மக்கர் செய்யும். படம் சில விநாடித் துண்டுகளாக, பெரும்பாலும் வேறொரு சர்வரிலிருந்து வருகிறது. அந்தத் துண்டுகளின் முகவரியைப் பக்கத்திலுள்ள ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் அவ்வப்போது ஒட்டிச் சேர்க்கிறது. ப்ராக்ஸி படிக்கும் நேரத்தில் அந்த முகவரி பக்கத்தில் முழுதாக இருக்காது, மாற்றவும் முடியாது. நூலகர் கொடுத்து வைத்த பட்டியலில் இல்லாத சர்வர் பெயரையும் ப்ராக்ஸி தொடாது. ஆக, படம் சுற்றிக்கொண்டே நின்றால் அந்தப் பக்கத்தின் முகவரியை நூலகருக்கு அனுப்புங்கள். திடீரென்று விலை கேட்டால் முகவரிப் பட்டையைப் பாருங்கள். வாலில் நூலகத்தின் பெயர் இல்லையென்றால், அங்கே இருக்கும் சர்வர் பெயரை அவருக்கு அனுப்புங்கள். பல நேரம் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும்.