படை வந்தா அந்த க்ரீமை தடவாதீங்க, ப்ளீஸ்

காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் ஸ்கின் டாக்டரா இருந்தா வெயில் காலத்துல பாதி கேஸ் படைதான், அதாவது தோல்ல வர்ற பூஞ்சை தொற்று. ஐஸும் மீன் தண்ணியுமா நாள் முழுக்க ஈரத்துலயே நிக்கறவங்க, காயாத ஜீன்ஸை அப்படியே மாட்டிக்கற பசங்க, மொத்த குடும்பமும் ஒரே துண்டுல துவட்டிக்கற வீடு. வரும்போதே கையில ஒரு ட்யூப் இருக்கும், மெடிக்கல்ல கேட்டு வாங்கினது. "போட்டா அரிப்பு நிக்குது டாக்டர், விட்டா திரும்ப வருது." ட்யூபை திருப்பி பொடி எழுத்தை படிச்சா குளோபெடசால்னு இருக்கும், ரொம்ப வீரியமான ஸ்டீராய்டு.

அரிப்பு ஏன் நிக்குதுன்னு சொல்றேன். படை பூஞ்சை நம்ம தோலோட மேல் அடுக்குல இருக்கற கெரட்டின்ங்கற புரதத்தை தின்னு வாழுது. அது செத்த அடுக்கு, ரத்த ஓட்டமே கிடையாது, அதனால கீழ இருந்துதான் உடம்பு எதிர்க்கணும். பூஞ்சையோட சுவர்ல பீட்டா குளுகான்னு ஒரு பொருள் இருக்கு, நம்ம செல்லுல அது கிடையவே கிடையாது, எதிர்ப்பு செல்கள்ல இருக்கற டெக்டின்-1ங்கற உணர்வி அதை கண்டுபிடிச்ச உடனே நியூட்ரோஃபில்ங்கற வெள்ளை அணு வந்து சேருது, டி செல்லுங்கற இன்னொரு வகை வெள்ளை அணு ஐஎல்-17ங்கற சிக்னல் பொருளை சுரக்குது, அதுல தோல் செல்லு பூஞ்சையை கொல்ற புரதத்தை விடுது, தோலும் வேகமா உரிஞ்சு பூஞ்சையோட சேர்ந்தே உதிருது. நீங்க பாக்கற சிவப்பு, செதில், அரிப்பு எல்லாம் இந்த சண்டைதான். நடுவுல தெளிஞ்சு ஓரம் மட்டும் தடிச்சு வட்டமா தெரியுதே, அந்த ஓரத்துலதான் சண்டை இன்னும் நடக்குது. டெஸ்டுக்கு நாங்க சுரண்டி எடுக்கறதும் அங்கேர்ந்துதான்.

ஸ்டீராய்டு பூஞ்சையை கொல்லாது, உங்க உடம்பைத்தான் அடக்கும். சிவப்பு போயிடும், பூஞ்சை ஜாலியா தொடை, இடுப்பு, முதுகுன்னு பரவும், வட்டமும் கலைஞ்சு போய் எங்களுக்கே சட்டுனு அடையாளம் தெரியாது. தொடை இடுக்குல வரி வரியா தோல் விரிஞ்சுட்டா அது முழுசா மறையாதுங்க, சின்ன வயசு பசங்களுக்கு அதை பாக்கறப்ப நெஜமாவே வேதனையா இருக்கு. 2021-ல கொரோனா அப்போ கருப்பு பூஞ்சை அவ்ளோ பேருக்கு வந்ததுக்கும் கட்டுப்பாடில்லாத சுகரும் அளவுக்கு மீறின ஸ்டீராய்டும் பெரிய காரணம்.

அரிப்பு நின்னாலும் டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் அவர் குடுத்த பூஞ்சை மருந்தை விடாதீங்க, இப்போ டெர்பினாஃபின்ங்கற பூஞ்சை மாத்திரைக்கே அடங்காத பூஞ்சை நம்ம நாட்டுல நிறைய இருக்கு. வீட்ல யாருக்கு அரிப்பு இருந்தாலும் சேர்த்தே கூட்டிட்டு வாங்க, துண்டை தனித்தனியா வெச்சுக்கோங்க, துணியை நல்ல வெயில்ல காயப்போடுங்க. அடிக்கடி படை வருதுன்னா ஒருதடவை சுகர் செக் பண்ணிடுங்க.