டைவர்ஸ் ராஞ்ச்: பண்ணையா, விடுதியா?

டைவர்ஸ் ராஞ்ச்: அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், ரீனோ நகரைச் சுற்றி 1930களிலிருந்து 1960கள் வரை செழித்த ஒருவகைத் தங்குமிடம். மணவிலக்குக் கேட்டு வெளிமாநிலங்களிலிருந்து வந்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், சட்டம் கேட்ட ஆறு வாரத்தை இங்கே கழித்தார்கள்.

சொந்த ஊரிலேயே வழக்குப் போடாமல் ஏன் இவ்வளவு தூரம் வந்தார்கள்? நியூயார்க்கில் 1966இல் சட்டம் திருத்தப்படும் வரை மணவிலக்குக்கு ஒரே காரணம்தான்: பிறன்மனை உறவு. அதையும் நிரூபிக்க வேண்டும். தென் கரோலினாவில் 1949 வரை மணவிலக்கு என்பதே கிடையாது. நெவாடாவிலோ 'கடுங்கொடுமை' என்ற காரணத்துக்குள் மன வேதனையும் அடங்கியது. மாநிலத்தில் எவ்வளவு காலம் குடியிருந்திருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. ஆறு மாதமாக இருந்ததை 1927இல் மூன்று மாதமாக்கினார்கள். 1931இல் ஆறு வாரமாகக் குறைத்தார்கள். 1931 மார்ச் 19 அன்று ஆளுநர் ஃபிரெட் பால்சார் இந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். சூதாட்டத்தை அனுமதிக்கும் சட்டத்திலும் அன்றே கையெழுத்திட்டார். பெண்விடுதலைக்காகப் போட்ட சட்டம் என்று யாரும் மயங்க வேண்டாம். பொருளாதாரப் பெருமந்தத்தில் வருமானத்துக்கு வழி தேடிய மாநிலம் அது.

நடைமுறை இப்படி. ரயிலில் ரீனோ வந்து இறங்கியதும் வக்கீலைப் பார்க்க வேண்டும். தங்கும் இடத்தைப் பல நேரம் அவரே சொல்லிவிடுவார். மாநிலத்தை விட்டு வெளியே கழித்த நாள் கணக்கில் சேராது. டாஹோ ஏரியின் பெரும்பகுதி கலிபோர்னியாவில் இருப்பதால், உலாவப் போகிறவர்கள் எந்தக் கரையில் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. கெடு முடிந்ததும் வாஷோ கவுன்ட்டி நீதிமன்றத்தில் விசாரணை. "இவரைத் தினமும் இங்கே பார்த்தேன்" என்று சாட்சி சொல்ல ஓர் ஆள் வேண்டும். விடுதியை நடத்தும் அம்மாளோ, குதிரை பார்த்துக்கொள்பவரோ வந்து சொல்வார்கள். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

இதில் ஒரு பொய்யும் இருந்தது. அது எல்லாருக்கும் தெரிந்த பொய். நெவாடாவிலேயே நிலையாகக் குடியிருக்கும் எண்ணம் உண்டு என்று மனுதாரர் சத்தியம் செய்ய வேண்டும். செய்துவிட்டு அன்று மாலையே ரயில் ஏறியவர்கள் உண்டு. அன்றே மறுமணம் முடித்துக்கொண்டவர்களும் உண்டு. இந்தப் பொய்யைப் பிற மாநிலங்கள் ஏற்க வேண்டுமா என்ற கேள்வி 'வில்லியம்ஸ் எதிர் வட கரோலினா' வழக்காக உச்ச நீதிமன்றம் வரை போனது. நெவாடாத் தீர்ப்பை மற்ற மாநிலங்கள் மதிக்க வேண்டும் என்று 1942இல் சொன்ன நீதிமன்றம், அங்கே குடியிருந்தது உண்மைதானா என்று அவை ஆராயலாம் என்று 1945இல் சொன்னது.

இனி சொல்லின் பாதிகளைப் பார்ப்போம். டைவர்ஸின் மூலம் 'டிவோர்ட்டியம்' என்ற இலத்தீன் சொல். பாதை பிரியும் இடத்துக்கும் அதுவே பெயர். ராஞ்ச், 'ராஞ்சோ' என்ற ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. சேர்ந்து உண்ணும் கூட்டம், படைவீரர்களின் பந்தி என்பது அதன் பழைய பொருள். மாட்டுப்பண்ணை என்ற பொருள் பிறகு ஏறியது. ரீனோவின் ராஞ்சுகள், தெரிந்தோ தெரியாமலோ, பழைய பொருளுக்கே திரும்பின. குதிரை ஏற்றம், நீச்சல் எல்லாம் இருந்தாலும், முன்பின் தெரியாத பெண்கள் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். அவரவர் வக்கீலைப் பற்றியும் வழக்கைப் பற்றியும் பேச அங்கே கூச்சம் வேண்டியதில்லை. ஆண்களும் வந்தார்கள்: நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் 1956இல் பிரமிட் ஏரிக்கரையில் தங்கித்தான் முதல் மணத்திலிருந்து விலக்குப் பெற்றார்.

ராஞ்சுகள் வசதியுள்ளவர்களுக்கே கட்டுப்படியாயின. மற்றவர்கள் நகரத்து வீடுகளில் வாடகை அறை எடுத்து, உணவகங்களிலும் சூதாட்டக் கூடங்களிலும் வேலை பார்த்துக்கொண்டே நாளைக் கடத்தினார்கள். ரீனோவின் ஓட்டல்களில் நிறவெறி நிலவிய காலம் அது. கறுப்பினப் பெண்கள் தம் இனத்தார் வீடுகளில்தான் இடம் தேட வேண்டியிருந்தது. 'ராஞ்ச்' என்ற சொல் தரும் உல்லாசப் படம் இவர்களை மறைத்துவிடுகிறது.

தமிழுக்கு வருவோம். 'விவாகரத்துப் பண்ணை' என்று எழுதினால் கோழிப்பண்ணைதான் கண்முன் வரும். விவாகம் வடமொழி, ரத்து அரபியிலிருந்து வந்தது. கலப்பு எனக்குக் குறையாகப் படவில்லை. டிக்கெட்டைப் போல மணத்தையும் ரத்து செய்வதாகத் தொனிப்பதுதான் உறுத்துகிறது. மணமுறிவு நல்ல சொல்தான். ஆனால் முறிவு இவர்களுக்கு ஊரிலேயே நடந்துவிட்டது. ரீனோவில் கிடைத்தது சட்டம் தந்த விலக்கு. ஆகவே 'மணவிலக்கு விடுதி' என்பது என் தேர்வு. 'அறுத்துக் கட்டுதல்' என்று நம் ஊர்ச் சில சமூகங்களில் ஒரு வழக்கு உண்டு: கணவனை விட்டு வந்தவரோ இழந்தவரோ வேறு தாலி கட்டிக்கொள்வது. அன்றே மறுமணம் செய்துகொண்ட ரீனோக்காரர்களுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும்; விடுதிக்குப் பொருந்தாது.

கூடவே வரும் வழக்குகள்: தங்கியவரைச் 'சிக்ஸ் வீக்கர்' என்றார்கள். 'ஆறு வாரத்தார்' எனலாம். 'ரீனோவேட்டட்' என்பது பத்தி எழுத்தாளர் வால்டர் வின்செல் பரப்பிய சிலேடை. புதுப்பிக்கப்பட்டவர், ரீனோ போய் வந்தவர் என இரு பொருளும் அதில் உண்டு. ஊர்ப்பெயரை நம்பி நிற்கும் சிலேடை என்பதால் ஒலிபெயர்த்து விளக்குவதே நல்லது.

1970 ஜனவரி முதல் கலிபோர்னியாவில் யார்மீதும் குற்றம் சாட்டாமலே மணவிலக்குப் பெற வழி பிறந்தது. பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. ராஞ்சுகளின் பிழைப்பு போனது. ஆறு வார விதி நெவாடாவில் இன்றும் இருக்கிறது என்பதற்காக, இன்றைய வழக்குகளைப் பற்றி எழுதும்போது 'மணவிலக்கு விடுதி' என்ற சொல்லைப் போட வேண்டாம்.